வாதி மணலில் வரைந்த சரஸ்வதி

நேற்று ஃபர்வானியாவில் மழை. ஜன்னலைத் திறந்ததும் சுட்ட புழுதி நனைகிற வாசனை மூக்கில் ஏறியது. அதற்கப்புறம் எங்கே உட்கார? அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கால் குவைத்தில், மனசு ஷார்ஜா ரோலாவில்.

ரோலா ரூமில் நாங்கள் மூன்று பேர். ஜெபல் அலி கிடங்கில் பிக்கப் ஓட்டிய மானாமதுரை காளீஸ்வரன் அண்ணன், அங்கேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஹரியானா பல்பீர், ஸ்டாக் பார்த்த நான். எனக்கு அப்போது சரஸ்வதிப் பித்து. வேதப் பாட்டு நதிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடும்போது யமுனைக்கும் சட்லெஜுக்கும் நடுவே வருகிற நதி. மலையிலிருந்து கடல்வரை பாய்ந்ததாகப் புகழப்பட்டு, பிற்பாடு மணலுக்குள் மறைந்துபோனதாகச் சொல்லப்பட்ட நதி. மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற கக்கர்தான் அது என்கிறார்கள் சிலர். பனிமலைத் தண்ணீர் வேத காலத்துக்கு முன்பே கக்கரை விட்டுப் போய்விட்டது, ஆகவே இல்லை என்கிறார்கள் வேறு சிலர். நான் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் மறு கட்சி. பல்பீர் வீடோ அதே கக்கர்க் கரையில், சிர்சா பக்கம். விடுவேனா?

"பாய், உங்க ஆறு லேசுப்பட்டது இல்ல!"

"ஜூலையில வெள்ளம் வர்றப்போ வா. கூரைமேல என் எருமைகூட உக்காந்துக்கிட்டு இதையே சொல்லு," என்பான் இந்தியில்.

அண்ணன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் வாயைப் பொத்துவார். "கலாஸ் தம்பி, போதும். சரஸ்வதியும் தூங்கட்டும், நாமளும் தூங்குவோம்."

அண்ணனுக்கு ஒருவழியாக லீவு கிடைத்தது. தங்கச்சி கல்யாணம், புதன்கிழமை ஃப்ளைட். அந்த சந்தோஷத்தில், முந்தின ஞாயிறு கம்பெனி பிக்கப்பைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு ஃபுஜைரா மலைப்பக்கம் பிரியாணி போடக் கிளம்பினோம். அங்கே மலையிலிருந்து இறங்கும் காய்ந்த ஆற்றுக்கு வாதி என்று பெயர். அண்ணன் வண்டியை நேரே அதற்குள் இறக்கி, நடுவில் நிறுத்தினார்.

"இங்கயாண்ணே?"

"ஆறுன்னா பின்ன எதுக்குடா? எங்க வைகைக்குள்ள நிக்காத வண்டியா?"

அவருக்கு அது வைகை. எனக்கு அது கரும்பலகை. குச்சியால் மணலில் யமுனை, சட்லெஜ், நடுவே சரஸ்வதி என்று கோடு இழுத்தேன். பருவ ஆறு எப்படி வரும், எப்படிப் போகும் என்று பருவ ஆற்றுக்குள்ளேயே நின்று கை வீசிப் பேசினேன். தலைக்குமேல் ஒரு மேகம் இல்லை. தூரத்து மலையில்தான் பெய்திருக்கிறது.

முதலில் இந்தப் புழுதி வாசனை. பிறகு கூழாங்கற்கள் உருள்கிற சத்தம். நுரையும் சுள்ளியுமாகப் பழுப்புத் தண்ணீர் வளைவில் திரும்பியது. நான் பாறைமேல் ஏறிவிட்டேன். அண்ணன் வண்டிக்கு ஓடினார். சக்கரம் சரளையில் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது.

"விட்டுட்டு வாங்கண்ணே!"

"புதன்கிழமை ஃப்ளைட்டுடா! வண்டி போச்சுன்னா எல்லாம் போச்சு!"

பல்பீர் இடுப்புத் தண்ணீரில் இறங்கி, கதவைத் திறந்து, அவரைச் சட்டைக் காலரோடு இழுத்து வந்தான். மூவரும் பாறையில் நின்றோம். என் மூன்று நதிகளும் அழிந்த இடத்தில் பிக்கப் பக்கவாட்டில் சாய்ந்து, பிரியாணிச் சட்டி முன்னே போக, பின்னாலேயே போயிற்று.

அண்ணனின் ஃப்ளைட் மாறவில்லை, அதே புதன்கிழமைதான். வண்டி போனதற்காகக் கம்பெனி விசாவைக் கேன்சல் செய்துவிட்டதால் திரும்பி வருகிற டிக்கெட்தான் இல்லை. "கல்யாணத்துக்குப் போறேன்ல, விடு," என்றார் ஏர்போர்ட்டில். தங்கச்சிக்கு வாங்கிய செண்டு பாட்டிலைக் கைப்பையில் மூன்று தடவை தேடினார்.

பல்பீரும் ஊர் போய்விட்டான், நான் குவைத்துக்கு வந்துவிட்டேன். ரோலா ரூமில் யாரோ இருக்கிறார்கள். அண்ணன் இப்போது மானாமதுரையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தார்: வண்டி நிற்பது வைகைக்குள்தான்.

ஃபர்வானியாவில் மலை இல்லை, வாதியும் இல்லை. மழைத் தண்ணீர் போக வழி தெரியாமல் தெருவிலேயே நிற்கிறது. பக்கத்துக் கட்டில்காரரிடம் சரஸ்வதி என்று ஆரம்பித்தேன். மரியாதையான மனுஷர், கடைசிவரை கேட்டார். வாயைப் பொத்த ஒரு கை நீளவில்லை.