ஒப்ரென் வெட்டிய தகடு

தரிங்கா தன் கொழுந்தன் வீட்டு ஜன்னல்களை உடைத்த கதையை எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் அன்று அந்த விருந்து மேசையில் உட்கார்ந்திருந்தவள், பெயர் ஸ்தானா. மொராவா ஆற்றங்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட செவிலி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தரிங்கா மிளகாய் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தவள். அகலமான தோள், குறைந்த பேச்சு. தனக்கு யாராவது கெடுதல் செய்தால் அதை உப்பில் ஊறவைத்துப் பத்திரமாக வைத்திருப்பாள். அவள் வீட்டு விறகு அடுப்பைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். நாலு கால் இரும்பு அடுப்பு, பக்கத்தில் ரொட்டி சுடும் பெட்டி, மேலே கூரை வரை போகும் புகைக்குழாய். குளிர்காலம் தொடங்குமுன் குழாயைக் கழற்றி வான்கோழிச் சிறகால் கரியைத் தட்டிவிடுவாள். சாம்பல் மூடியுள்ள தகர வாளியில் முற்றத்துக்குப் போகும். மரக்கூடையில் ஒருநாளும் போகாது. அடுப்புக் கம்பியில் துணி காயாது. மண்ணெண்ணெய் ஊற்றித் தீ மூட்டுகிறவர்களை அவள் மனிதர்களாகவே மதிப்பதில்லை. அடுப்பு எரிகிற நேரமெல்லாம் ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்திருக்கும்.

அந்த ஒரு விரல் திறப்புதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஆட்கள் ஓநாய்க்குப் பயப்படமாட்டார்கள், குறுக்குக்காற்றுக்குப் பயப்படுவார்கள். எதிரெதிரே இரண்டு திறப்பு இருந்தால் போதும். கழுத்து பிடிக்கும், வாய் கோணும், ஆளே போய்விடுவார் என்பார்கள். இலையுதிர்காலத்திலேயே இரட்டை ஜன்னல்களுக்கு நடுவில் நீளத் தலையணை, இடுக்குகளில் கந்தல், அதன்மேல் ஒட்டுத்தாள்.

அவள் கணவன் வெலிமிரும் அப்படித்தான் இருந்தான். அவனுடைய தம்பி ஒப்ரென் ஒரு படி மேலே போனான். புகைக்குழாயில் சூட்டை அடக்க ஒரு தகடு உண்டு, உள்ளே தள்ளினால் குழாய் அடைபடும். கடையில் வாங்கும் தகட்டில் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டியிருக்கும், முழுக்கத் தள்ளினாலும் வாயு வெளியேறட்டும் என்று. ஒப்ரென் தன் கையால் ஒரு தகடு வெட்டினான். அதில் அந்த வெட்டு இல்லை. "சூடு ஒரு பொட்டுகூட வெளிய போகாது. பாதி விறகு மிச்சம்" என்று பெருமையடித்து, அண்ணனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று பொருத்தினான்.

ஒரு ஜனவரி ஞாயிறு, தரிங்கா சந்தைக்குப் போயிருந்தாள். வெலிமிர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலைச் சாத்தி, அடுப்பில் கனல் இருக்கும்போதே தகட்டை முழுக்கத் தள்ளிவிட்டுப் படுத்தான். அவள் திரும்பியபோது எழுப்ப முடியவில்லை. எல்லா ஜன்னலையும் பிடுங்கித் திறந்துபோட்டு அவனை வாசல் பக்கம் இழுத்தாள். மருத்துவரோடு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இறந்தவன் கன்னம் அவ்வளவு சிவப்பாக இருக்கக் கூடாது. மருத்துவர் கரிவாயு என்றார். நிறம் இல்லை, மணம் இல்லை, கனலிலிருந்து வந்து மூடிய அறையில் ஆளைக் கொல்வது என்று விளக்கினார்.

ஆனால் ஒப்ரென் எங்களுக்கு முன்னே வந்துவிட்டிருந்தான். அவன் கண்ணில் பட்டது திறந்த ஜன்னல்கள்தான். பிணத்தைச் சுற்றி நின்றவர்களிடம் சொன்னான்: "தூங்குற மனுஷனைக் குறுக்குக்காத்துல போட்டுக் கொன்னுட்டா."

மருத்துவர் சொன்னதை ஊர் கேட்டுக்கொண்டது, ஒப்ரென் சொன்னதை நம்பியது. அடக்கம் முடிந்ததும் தரிங்கா தகட்டை உருவி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுல வெட்டு எங்கடா?"

"தகடா கொன்னுச்சு? ஜன்னலைத் தொறந்தது யாரு அண்ணி?"

அதன்பிறகு கடையில், தேவாலயத்தில், பேருந்தில் அவள் பக்கத்தில் வர நேர்ந்தவர்கள் முதலில் ஜன்னல் மூடியிருக்கிறதா என்று பார்த்தார்கள். பிள்ளைகள்கூட அவளைக் 'காத்துக்காரி' என்றார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வெலிமிரைக் கொன்றது எது என்பதை ஒப்ரென் தன் வாயால், ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்.

வருடங்கள் போயின. ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் ஒப்ரெனின் மனைவி விதோசாவா என்னிடம் தலைவலிக்கு மாத்திரை கேட்டாள். வீட்டில் இருந்தால் வலி, வயலுக்குப் போனால் இல்லை. எனக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. ஒப்ரெனிடம் நேராகச் சொன்னேன், தகட்டை எடு என்று.

"நல்லா இருக்கே நர்ஸம்மா. இப்ப எடுத்தா ஊரு என்ன சொல்லும்?" என்றான்.

தரிங்காவிடம் இதைச் சொன்னேன். வெலிமிர் போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அவனால எடுக்க முடியாது ஸ்தானா. எடுத்தா அண்ணனைக் கொன்னது நான்தான்னு கையெழுத்துப் போட்ட மாதிரி. அவன் பொய்யி அவன் வீட்டுக் குழாயிலயே மாட்டிக்கிட்டு இருக்கு." பிறகு சொன்னாள்: "இந்த வருஷம் புனித நிக்கோலா நாளுக்கு அவன் வீட்டுக்கு நான் போறேன்."

நிக்கோலாதான் அந்தக் குடும்பத்தின் குலப்புனிதர். அந்தத் திருநாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர் வரலாம், வந்தவரைப் போகச் சொல்லும் வீடு எங்கள் பக்கம் இல்லை. தரிங்கா கருப்பு உடுப்பில் உள்ளே நுழைந்தபோது நான் ஏற்கெனவே மேசையில் இருந்தேன். ஒப்ரென் பல்லைக் கடித்துக்கொண்டு சர்க்கரை கலந்த கோதுமைத் தட்டை நீட்டினான். அவள் நின்றபடி ஒரு கரண்டி உண்டு, சிலுவை இட்டுக்கொண்டு, அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஜன்னல் பக்கம் ஒக்காரலையா அண்ணி?" என்றான் ஒப்ரென். மேசை சிரித்தது.

"இங்கயே இருக்கேன் தம்பி. உன் வித்தையைப் பாக்கணும்."

நோன்பு நாள், இறைச்சி ஆகாது; மீனும் பீன்ஸும் வந்தன, பிளம் சாராயம் சுற்றியது. விடியலிலிருந்து எரிந்த அடுப்பில் கனல் குவிந்திருந்தது. ஒப்ரென் எழுந்தான், எல்லோரும் பார்க்க வேண்டும் என்றே தகட்டை முழுக்க உள்ளே தள்ளினான். "பாருங்க, சாயங்காலம் வரைக்கும் ஒரு கட்டை வேண்டாம்."

தரிங்கா கையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

நேரம் போகப் போகப் பேச்சு மந்தமானது. ஒருவர் கொட்டாவி விட்டார், இன்னொருவர் நெற்றியைத் தேய்த்தார். எல்லோரும் சாராயத்தைத் திட்டினார்கள். ஆனால் சாராயத்தைத் தொடாத விதோசாவா அடுப்பருகே ஸ்டூலில் சரிந்து, "வாந்தி வருது" என்றாள். நான் கதவைத் திறக்க எழுந்தேன். தரிங்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரும்புப் பிடி.

"கொஞ்சம் இரு. அவனும் சரியட்டும்."

"பழி உன்னோடது, தலை எங்களோடது. கையை விடு."

அவள் விதோசாவாவைப் பார்த்தாள். ஊரில் அவளைக் காத்துக்காரி என்று கூப்பிடாத ஒரே பெண் விதோசாவா. பிடி விட்டது. நான் கதவைத் திறந்தேன்.

"கதவைச் சாத்து!" ஒப்ரென் கத்தினான். "குறுக்குக்காத்து!"

"இன்னும் வரல தம்பி. இரு, கொண்டாறேன்." தரிங்கா கனல் கிளறும் கம்பியை எடுத்தாள். ஒட்டிய ஜன்னலைத் திறக்க முடியாது என்பது உண்மை. ஒன்றை உடைத்தால் போதும் என்பதும் உண்மை. அவள் அந்த வீட்டு ஜன்னல் ஒன்றையும் விடவில்லை. உள்கண்ணாடி, வெளிக்கண்ணாடி, முன்னறை, படுக்கையறை. தலையணைகள் முற்றத்தில் போய் விழுந்தன. ஒப்ரென் தடுக்க எழுந்தான், முழங்கால் மடிந்து மேசையடியில் உட்கார்ந்துவிட்டான்.

விதோசாவாவைத் தூக்கி முற்றத்துப் பனியில் என் கோட்டின்மேல் கிடத்தினோம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தாடையைத் தூக்கிப் பிடித்தேன். ஆற்றுக்காற்று கத்தி போல வீசியது. விருந்தாளிகள் மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள். ஒப்ரெனையும் இரண்டு பேர் இழுத்துவந்து போட்டார்கள்.

தரிங்கா கடைசியாக வெளியே வந்தாள். துண்டு சுற்றிய கையில் தகடு. அதை அவன் காலடியில் எறிந்தாள், பனி சீறியது.

"எல்லாரும் பாருங்க. குறுக்குக்காத்து ஆளைக் கொல்லும்ல? அவன் பொண்டாட்டி நட்ட நடுக் காத்துல கெடக்குறா. சாகட்டும் பாப்போம்."

எல்லோரும் விதோசாவாவையே பார்த்தார்கள். ஒருவர் தன்னை அறியாமல் கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டார். விதோசாவா இருமினாள், கண்ணைத் திறந்தாள், குளிருது என்றாள். காற்று அவளைத் திருப்பித் தந்தது. கண்ணில் முதலில் பட்டது பனியில் கிடந்த தகடு.

"ஒப்ரென்," என்றாள் தேய்ந்த குரலில், "உங்க அண்ணன் வீட்டுத் தகட்டை வெட்டினது யாரு?"

அவன் காலால் பனியைத் தள்ளித் தகட்டை மூடப் பார்த்தான்.

"உன்னையத்தான் கேக்குறேன்."

"நான்தான்."

"சத்தமா" என்றாள் தரிங்கா.

"நான்தான்! நான் வெட்டின தகடுதான் கொன்னுச்சு. காத்து இல்ல. போதுமா?"

"போதாது" என்றாள் அவள். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவைச் சாத்தாமல் போனாள். ஆம்புலன்ஸ் விதோசாவாவையும் ஒப்ரெனையும் ஏற்றிக்கொண்டு போனது. இருவரும் பிழைத்தார்கள்.

மன்னித்தாளா என்று என்னைக் கேட்கிறார்கள். இல்லை. ஒவ்வொரு நிக்கோலா நாளும் கருப்பு உடுப்பில் போகிறாள். வந்தவரைப் போகச் சொல்ல முடியாது. கோதுமை உண்கிறாள், அடுப்புக்கு எதிரே உட்காருகிறாள், குழாயை மேலிருந்து கீழ் வரை பார்க்கிறாள். பிறகு சொல்கிறாள்:

"தம்பி, ஜன்னலைத் தொற."

ஊர் மொத்தமும் பார்த்திருக்க, ஒப்ரென் எழுந்துபோய்த் திறக்கிறான். ஒரு விரல் அகலம். அவள் போதும் என்று சொல்லும்வரை அங்கேயே நிற்கிறான். அவள் மீனை முள் எடுத்து நிதானமாகச் சாப்பிடுகிறாள்.