ஆசாரியின் ஊசி

ஆரம்பாக்கத்துல ஆறு ஏக்கர் நஞ்சை வச்சிருந்த பூவராகவனுக்கு, பொய் பேசாத மனுசன்னு பேரு. பேராம் பேரு! தங்கச்சி சம்பூர்ணத்தைப் பொண்ணு பாக்க வந்தவங்க, "ஒரு தம்பி செத்துட்டானாமே, இன்னா ஆச்சு?"ன்னு கேட்டப்போ, "மஞ்சக்காமாலை"ன்னு கூசாம சொன்னவன் இவன்.

தம்பி கலியன் செத்தது காமாலையால இல்ல. காது குத்துன எடத்துல ரத்தம் நிக்காம, நாலாம் நாள் போயிட்டான். அம்மாகூடப் பொறந்த மாமனும் இப்படித்தான் ரத்தம் போயிச் செத்தாராம். கலியன் செத்தப்போ சம்பூர்ணம் கைக்குழந்தை, அவளுக்குத் தெரியாது. விஷயம் வெளிய வந்தா யாரு பொண்ணு எடுப்பான்னு ஊட்டுல மூடி மறைச்சிட்டாங்க.

எழுபத்திரண்டாம் வருஷம் சம்பூர்ணத்தோட புள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடிதானே வேணும்? பூவராகவனுக்குத் தம்பி ஞாபகம்தான் வந்துச்சு. ஆனாலும் புள்ளைய மடியில வச்சிக்கினு ஒக்காந்தான். சுப்பிரமணி ஆசாரி குத்தினாரு. மறுநாளாகியும் ரத்தம் நிக்கல. "அழுக்கு ஊசிய்யா!"ன்னு ஜனம் கத்திச்சு. ஆசாரி கன்னத்துல மொத அறை விட்டது யாருங்கறீங்க? இந்த மகராசன்தான்.

ரயிலைப் புடிச்சு மெட்ராசுக்குத் தூக்கிக்கினு ஓடினாங்க. "உங்க அம்மா வழியில ஆம்பளைங்க யாருக்காவது இப்படி ஆயிருக்காம்மா? தெரிஞ்சா வைத்தியத்தைச் சீக்கிரம் ஆரம்பிக்கலாம்"னாரு டாக்டரு.

"இல்ல சார். எங்கண்ணனக் கேளுங்க, பொய் சொல்லாது."

சம்பூர்ணத்தோட புருஷன் திருமலை பக்கத்துலயே நின்னுகினு இருந்தான். புள்ளை வெளுத்துப்போயிக் கெடந்தது. பூவராகவனுக்கு அவமானத்துல ஒடம்பே கூசிச்சு.

"எந்தம்பி சார்... காமாலை இல்ல. காது குத்தித்தான் செத்தான். எங்க மாமனும் அப்படித்தான்."

சம்பூர்ணம் அழல, அண்ணன் மூஞ்சியவே பாத்தா. அதுக்கு அவ செருப்பால அடிச்சிருக்கலாம்.

"இது ரத்தம் ஒறையாத நோவு. அம்மா வழியா ஆம்பளப் புள்ளைக்கு வரும். ஊசி மேல தப்பில்ல"ன்னாரு டாக்டரு. பிளாஸ்மா ஏத்தினாங்க. புள்ளை பொழைச்சிக்கிச்சு.

ஊருக்கு வந்ததும் பூவராகவன் நேரா ஆசாரி ஊட்டு வாசல்ல போயி நின்னான். "அண்ணே, உன் ஊசி மேல தப்பில்ல. அது எங்க ஊட்டு ரத்தத்துல இருக்குற நோவு. தெரிஞ்சே உன்ன அடிச்சேன். என்னையும் அடிச்சிடு."

ஆசாரி அடிக்கல.

"உன் தம்பிக்குக் குத்துனது எங்க நைனா, பூவராகவா. புள்ளையக் கொன்ன கைன்னு அவரே சொல்லிச் சொல்லி, சாகுறவரைக்கும் என் புள்ளைங்களக்கூட அந்தக் கையால தூக்கல. இத இப்ப யாரு போயி அவருகிட்ட சொல்றது?"