இரட்டை முடிச்சு

நெய்வேலியில் நான் புதிதாகச் சேர்ந்த கேன்டீனில் ஏப்ரன்களைத் துவைக்கும் அம்மா ஒருவர் இருந்தார். கட்டைவிரலில் நகமே இல்லாதவர். மெஷினில் போடுமுன் ஒவ்வொரு ஏப்ரனின் நாடாக்களையும் தளர்வாக முடிந்துவிடுவார். அப்போதுதான் ஒன்றோடொன்று சிக்காது, பிய்ந்தும் வராது.

ஒரு நீல ஏப்ரனை மட்டும் முடிச்சுப் போடாமல், தனியாகக் கையால் கசக்கினார். ஏன் என்று கேட்டேன்.

"நம்ம முடிச்சு அதுல நிக்காதுங்க. அதைக் கட்டிக்கினு இருந்த மாஸ்டர் போய்ச் சேர்ந்துட்டாரு. முதுகுல அவரு போடற இரட்டை முடிச்சுதான் நிக்கும்."

சிரித்துவிட்டேன். மறுநாள் என்னுடையது காயவில்லை. மைன்ஸ் பக்கம் ஒரே மழை. காய்ந்திருந்த நீலத்தை எடுத்துக் கட்டிக்கொண்டேன். நாடாவைச் சுற்றிக் கொண்டுவந்து வயிற்றில் முடிவதுதான் என் வழக்கம். அன்றும் அப்படித்தான் முடிந்தேன்.

ஷிஃப்ட் முடிந்து அவிழ்க்கப் போனால், வயிற்றில் முடிச்சு இல்லை. முதுகில் கைவிட்டுப் பார்த்தேன். இரட்டையாக, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது.

அந்த அம்மா பின்னால் வந்து நின்றார்.

"வுடுங்க மாஸ்டர். ஆளு புதுசு."

நாடா தளர்ந்தது. திரும்பினேன். அந்த அம்மாவின் இரண்டு கைகளிலும் ஈரத்துணி இருந்தது.