கிணற்றுக் கட்டின் மேல் இருந்த போத்தல்

எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பை அளக்க மாதந்தோறும் ஓர் ஆராய்ச்சியாளர் வருவார். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம். தேநீர் கொடுத்தால் மறுத்துவிட்டு, தான் கொண்டுவந்த போத்தல் தண்ணீரையே குடிப்பார். அதுதான் எனக்குச் சந்தேகம். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் என் குழந்தைக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கேட்டேன்.

“ஐயா, உப்புக் கூடுதோ?”

“கோடையில கூடும், மாரியில குறையும், தங்கச்சி. அந்த ஏற்ற இறக்கத்தைக் கழிச்சுப் பாத்தாத்தான் வருசா வருசம் கூடுதோ எண்டு தெரியும். இன்னும் சில வருசம் அளக்கவேணும்.”

“அதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிடுமே!”

அவர் சிரிக்கவில்லை. போனபின் பார்த்தால், கிணற்றுக் கட்டின் மேல் திறக்காத தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருந்தது. மறந்தாரா, வைத்துவிட்டுப் போனாரா? அடுத்த மாதம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இப்போது பால்மாவுக்குக் கடைத் தண்ணீர்தான்.