பாறையில் காது வைத்தவர்

கேரளத்தில் கல்லாறு தாண்டி, பொன்முடிக்குப் போகும் மலைச்சாலையில், பெரிய பாறையொன்றின் நிழலில் காரை நிறுத்தி ஏசியில் உட்கார்ந்திருந்தேன். சாலையோரப் பாறைகளைக் கடப்பாரையால் தட்டிக்கொண்டே கூலியாள் ஒருவர் வந்தார். வெயிலில் கருத்த ஒல்லி உடம்பு. இடது கையில் இரண்டு விரல் இல்லை. ஒவ்வொரு பாறையையும் தட்டியபின் அதில் காதை வைத்துக் கேட்பார்.

என் தலைக்கு மேலிருந்த பாறையைத் தட்டியதும் ஓடிவந்தார். கண்ணாடியை இறக்கினேன். தென்காசிப் பக்கத்துத் தமிழ்.

"வண்டிய எடுங்க சாரே, பாறை உள்ள விரிஞ்சிட்டு!"

"மழையே இல்லையே, பாறை எப்படிய்யா விழும்?"

"மழைக்கு மண்ணுல்லா சரியும். பாறை பகல்ல சூடாயி, ராத்திரி குளுந்து, வெங்காயம் மாதிரி தோல் உரியும். எறங்குங்க!"

எனக்கா உத்தரவு? கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அவர் கடப்பாரையால் அதை உடைத்துக் கதவைத் திறந்தார். என் காலரைப் பிடித்துச் சாலையில் இழுத்துப் போட்டார். எழுந்த வேகத்தில் அவர் முகத்தில் குத்தினேன். உதடு கிழிந்தது. மறுபடியும் குத்தினேன். திருப்பி அடிக்காமல், என்னை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே போனார்.

பாறையின் ஒரு பக்கம் பலகைபோலக் கழன்று விழுந்தது. காரின் கூரை இருக்கைவரை நசுங்கியது.

என் கை இன்னும் அவர் சட்டையைப் பிடித்திருந்தது.

"விடுங்க சாரே, அடுத்ததயும் பாக்கணும்."

விட்டேன். அவர் அடுத்த பாறையைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். முகத்தை எடுத்தபோது, நான் வரவழைத்த ரத்தம் பாறையில் ஒட்டியிருந்தது.