கெஞ்சலா, தகவலா

என் மூன்றாவது ராஜினாமாக் கடிதமும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்தில்லாமல் திரும்பிவந்த அன்றுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது: கோளாறு என் இங்கிலீஷ் வினைச்சொல்லில் இருக்கிறது. நான் சேரவேண்டிய மதுரைக் கல்லூரி திறக்கப் பத்தே நாள். மலைக்குக் கீழே சின்னமனூர் வயல்கள் தெரிந்தன. ஆனால் துரை கொடுக்கும் சீட்டில்லாமல் தேயிலைத் தோட்டத்து கேட்டைத் தாண்ட முடியாது. ‘ரிக்வெஸ்ட்’ என்று கேட்டேன், ‘பிரே’ என்று வேண்டினேன், ‘பெக்’ என்று கெஞ்சினேன். மூன்றுமே மறுக்கக்கூடிய சொற்கள். ‘இன்ஃபார்ம்’ என்று வெறுமனே தெரிவித்துவிட்டால்?

யோசனையைச் சொன்னதும் ஆபீஸ் பெரிய கிளார்க் சிரித்தார். “ஏலே, துரைக்கே தகவல் சொல்றியாக்கும்? இதப் பாத்தாகன்னா கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிருவாக!”

“அதத்தாண்ணே நானும் கேக்குறேன்.”

புதுத் தாளை எடுத்தேன். காலையில் துரை நாற்காலியில் உட்காருமுன் கடிதம் அவர் மேசையில் இருக்க வேண்டும்.