ஒரு கைக்கு ஏற்ற சிஸ்டம்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஆறு மாதம் முழுக்க என் வலது கை காற்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரல்களும் கோலா சிலாங்கூர் பக்கத்துச் செம்பனை எண்ணெய் மில் ஒன்றின் கன்வேயரில் போய்விட்டன. யாரையும் குறை சொல்ல வழியில்லை. நான் அங்கே லோரிகளை எடை போட்டுக் கணக்கு எழுதும் கிராணி, கன்வேயர் பக்கம் எனக்கு வேலையே கிடையாது. பழக்குலையின் காம்பு ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. ஆளைக் கூப்பிடப் பொறுமையில்லாமல் நானே கையை விட்டு இழுத்தேன். பொறுமை என்பது எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

வலி இரண்டு மாதத்தில் அடங்கிவிட்டது. அடங்காதது வேறு. ஒருவருக்கு ஒரு பொருளை இடது கையால் நீட்டினால் நம் ஆட்களுக்கும் முகம் சுருங்கும், மலாய்க்காரர்களுக்கும் சுருங்கும். வலது கையை நீட்டவோ எனக்கு வெட்கம். அதனால் யாருக்கும் எதையும் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். கடையில் காசை மேசைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். கல்யாண வீட்டில் மொய்க் கவரை என் மனைவிதான் நீட்டுவாள். பார்க்கிறவர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருக்கலாம். பரிதாபப்படுவதைவிட அது எவ்வளவோ மேல் என்று இருந்துவிட்டேன்.

மில் மானேஜர் தஞ்சோங் காராங் ஊரைச் சேர்ந்த மலாய்க்காரர். தோட்டத்திலேயே வேலை பழகியவர் என்பதால் நன்றாகத் தமிழ் பேசுவார். பழைய வழக்கப்படி அவரைத் துரை என்றுதான் அழைப்போம். நான் வேலைக்குத் திரும்பிய அன்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

“மூணு மாசம் டைம் தர்றேன், கிராணி. மாச ரிப்போர்ட்ட நீங்களே தயார் பண்ணிக் குடுத்துட்டா வேலை உங்களுக்குத்தான். முடியலன்னா நான் வேற ஆளப் போட்டுத்தான் ஆகணும். குவாட்டர்ஸ் வீடும் அவருக்குப் போயிடும் லா.”

மனிதர் கெட்டவரில்லை. உள்ளதைச் சொன்னார். ரிப்போர்ட் என்பது அந்த மாதம் வந்த லோரிகள், குலைகளின் எடை, பிழிந்த எண்ணெய் எல்லாம் அடங்கிய அட்டவணை. டைப்ரைட்டரில் ஆறு பிரதிக்குக் கார்பன் வைத்து ஓங்கி அடிக்க வேண்டும். என் இடது கையின் பலம் மூன்றாவது பிரதியைத் தாண்டவில்லை. ஆனால் அந்த வருஷம் துரையின் அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. ரிப்போர்ட்டை டிஸ்க்கில் கொடுத்தாலும் போதும் என்றார். அவர் முன்னால் உட்கார்ந்து ஒற்றைக் கையால் தடுமாற நான் தயாராக இல்லை. சொந்தமாக ஒன்று வாங்கி, வீட்டில் பழகி, முடித்துக் கொண்டுபோய் வைப்பது என்று முடிவு செய்தேன்.

கிள்ளானில் பழைய லேப்டாப் ஒன்று கிடைத்தது. மடியில் வைக்கலாம் என்றார்கள். வைத்துப் பார்த்தேன், தொடை மரத்துவிட்டது. கடைக்காரர் சீனர். தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்தவராம், தமிழ் என்னைவிட வேகமாகப் பேசினார்.

“இதுல ரெண்டு சிஸ்டம் போகும், தம்பி. ஒண்ணு மெஷின் உள்ளயே இருக்கு. மேல மெனு வரும், ஒரு நேரத்துல ஒரு பட்டன் அமுக்கினா போதும். இன்னொண்ணு டாஸ். அத டிஸ்க்குல இருந்து ஏத்தணும். எல்லா ஆபீஸ்லயும் அதான் ஓடுது. நா சொல்றது டாஸ்.”

டாஸை ஏற்றிக் காட்டினார். சேமிக்க, அழிக்க, நகர்த்த எல்லாவற்றுக்கும் இடது ஓரத்தில் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு வலது பக்கத்து எழுத்தை அழுத்தினார். மெஷின் அப்படியே நின்றுபோனால் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் ஒன்று என மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டுமாம். இரண்டு கைகளையும் அகல வைத்து அழுத்திக் காட்டினார். பைக்குள் என் கட்டைவிரல் மடங்கிக்கொண்டது.

“டாஸ் வேணாம். உள்ள இருக்கிறதே போதும்,” என்றேன்.

அவர் என் காற்சட்டைப் பையை ஒரு முறை பார்த்தார். “டிஸ்க்க வச்சிக்க லா, அதுக்குக் காசு வேணாம்,” என்று பெட்டிக்குள் போட்டார். நான் எழுதும் டிஸ்க்கை ஆபீஸ் மெஷின் படிக்குமா என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்ன சொல்வார் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். டிஸ்க் எல்லாம் ஒரே அளவுதானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தச் சிஸ்டம் சொன்னபடியே நடந்தது. ஒரு பட்டன், ஒரு வேலை. இடது கை அடித்தது, வலது கை பைக்குள் இருந்தது. மூன்று வாரத்தில் முழு அட்டவணையையும் முடித்து, டிஸ்க்கைத் துரையின் மேசைமேல் வைத்தேன். அவர் தம் மெஷினில் செருகினார். படிக்கவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடியும் செருகினார். அப்போதும் படிக்கவில்லை.

“இதுல என்னமோ இருக்கு, ஆனா நம்ம மெஷினுக்குப் புரியல. நான் இத எங்க கொண்டுபோயி படிக்கிறது, கிராணி?” என்றார்.

வீட்டுக்கு வந்து கடைக்காரரைத் திட்டினேன், ஆபீஸ் மெஷினைத் திட்டினேன். மனைவி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வேலை முடித்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“அவர் டாஸ் எடுன்னுதானே சொன்னாரு? கைய வெளிய எடுக்க வேணாமேன்னு நீங்கதான் இத எடுத்தீங்க. இந்த வீட்டக் காலி பண்ணாலும் பண்ணுவீங்க, அந்தக் கைய மட்டும் எடுக்க மாட்டீங்க.”

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். மூன்றாம் நாள் சாயங்காலம் கடைக்காரர் போட்டுக்கொடுத்த டிஸ்க்கைத் தேடி எடுத்துச் செருகினேன். “இனிமேல் டாஸ்தான்,” என்று அவளுக்குக் கேட்கும்படி சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வலது கையை எடுத்து விசைப்பலகைமேல் வைத்தேன். ஒற்றைக் கட்டைவிரல். முதல் வாரம் அது போகச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. ஒன்றை அழுத்தினால் உள்ளங்கை இன்னும் நாலை அழுத்தியது. அட்டவணை இரண்டு முறை காணாமல் போனது. ஆறிய தழும்பு மறுபடியும் வலித்தது. இடது கை ஒரு பட்டனைப் பிடிக்க, வலது கட்டைவிரல் அடுத்ததைத் தட்ட, தினமும் இரண்டு மணி நேரம். இந்தச் சனியனை விடப்போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் அதைப் பார்த்தவள் என் மனைவி மட்டும்தான். வாசலைத் தாண்டினால் கை பைக்குள் போய்விடும்.

தவணை முடிகிற வாரம் புதிய டிஸ்க்கோடு போனேன். இந்த முறை துரையின் மெஷின் படித்தது. எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“சரியாத்தான் இருக்கு. ஆனா யாரு அடிச்சதுன்னு மேலிடத்துல கேட்டா நான் பார்த்தேன்னு சொல்லணும். கடைசிப் பக்கத்த இங்கயே அடிச்சுக் காட்டுங்க.”

உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் வலது கை பைக்குள்ளேயே இருந்தது. இடது கையால் பாதி அட்டவணை அடித்திருப்பேன், திரை அப்படியே நின்றுவிட்டது. எதை அழுத்தினாலும் அசையவில்லை. துரை எழுந்து வந்தார்.

“இருங்க, அந்த மூணு பட்டன நான் அமுக்குறேன்,” என்று என் தோளுக்கு மேலாக இரண்டு கைகளையும் நீட்டினார்.

“வேணாங்க துரை. நானே பார்க்கிறேன்.”

கையை வெளியே எடுத்தேன். அவர் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். இடது கை இரண்டு பட்டன்களைப் பிடித்தது, வலது கட்டைவிரல் மூன்றாவதை அழுத்தியது. திரை கறுத்து, மறுபடியும் வந்து, தேதி கேட்டது. அடித்ததெல்லாம் போயிருந்தது. முதல் வரியிலிருந்து தொடங்கினேன், இந்த முறை இரண்டு கைகளாலும். துரை நாற்காலிக்குத் திரும்பவில்லை, முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

முடித்து டிஸ்க்கை வெளியே எடுத்தேன். என் இடது கை மேசைப் பக்கம் போனது. அதை நிறுத்தினேன். டிஸ்க்கை வலது கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே பிடித்துத் துரையிடம் நீட்டினேன். அவர் தம் வலது கையால் வாங்கிக்கொண்டார்.

“அடுத்த மாச ரிப்போர்ட்டும் அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடணும், கிராணி,” என்றார்.

திரும்பி வரும்போது மில் முற்றத்தில் குலை இறக்குகிற ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆறு மாதமாக என் கையைப் பார்க்காதவர்கள். கையை வெளியே விட்டபடியே அவர்கள் நடுவே நடந்தேன்.